உரோமையில் ஒரு குழந்தைகள் வீடு

உரோமைக்குத் திருப்பயணம் செல்லும் நம்மவர் பெரும்பாலும் காணாமலே திரும்பிவிடும் பகுதி ஒன்று அந்நகரில் உண்டு. தெர்மினி இரயில் நிலையத்திலிருந்து கிழக்கு நோக்கி நடந்து, அவுரேலியன் பேரரசன் 3-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பழைய மதிலைக் கடந்தால் அப்பகுதி தொடங்குகிறது. சான் லொரேன்சோ என்பது அதன் பெயர். ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் இருப்புப்பாதை, இன்னொரு பக்கம் வெரானோ என்னும் பெரிய கல்லறைத் தோட்டம். இவற்றுக்கு நடுவே, ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு பல மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. பளிங்குத் தூண்களும் நீரூற்றுகளும் இங்கில்லை. மாடிகளின் குறுக்கே துணி உலர்கிறது. தெருமுனைக் கடைகளில் பல்கலைக்கழக மாணவர்கள் கூட்டமாக நின்று காப்பி அருந்துகிறார்கள்.

இப்பகுதிக்குப் பெயர் தந்தது புனித இலாரன்சின் பேராலயம். திருப்பயணிகளுக்குரிய ஏழு கோவில்களுள் ஒன்றாக மரபில் எண்ணப்பட்டு வந்தது அது. திருத்தந்தை 9-ஆம் பத்திநாதரின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. 1943-ஆம் ஆண்டு சூலை 19-ஆம் நாள் நேசநாட்டு விமானங்கள் பொழிந்த குண்டுகள் இக்கோவிலையும் சுற்றியிருந்த ஏழைகளின் வீடுகளையும் ஒருசேரத் தகர்த்தன. திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அன்றே வத்திக்கானிலிருந்து புறப்பட்டு வந்து, இடிபாடுகளுக்கு நடுவே மக்களோடு நின்றார். கோவில் பின்னர் சீர்செய்யப்பட்டது. அவ்வட்டாரத்தில் சில இடங்களில் அந்நாளின் வடுக்கள் இன்னும் தெரிகின்றன.

ஆயினும் நாம் அங்குச் சென்றது கோவிலை நாடி மட்டுமன்று. அங்குள்ள தெருக்கள் பலவற்றுக்கு உரோமை தலையெடுப்பதற்கு முன் இத்தாலியில் வாழ்ந்த பழங்குடிகளின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். வோல்சியர் தெரு, சபெல்லியர் தெரு, மார்சியர் தெரு என்று அவை நீள்கின்றன. மார்சியர் தெருவில் 58-ஆம் எண்ணுள்ள வீட்டைத் தேடியே நாம் நடந்தோம். நம் நாட்டில் மூலைக்கு மூலை, சிற்றூர்களிலும்கூட, 'மாண்டிசோரி' என்று பலகை மாட்டிய மழலைப் பள்ளிகளைக் காண்கிறோமே, அவை யாவற்றுக்கும் தாய்வீடு அது. பலகை மாட்டியோரில் எத்தனை பேர் அவ்வம்மையார் சொன்னதைச் செய்கின்றனர் என்பது வேறு செய்தி.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அங்கோனா மாநிலத்துக் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தவர். 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த காலம் அது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் தொண்டு செய்து, கையால் தொட்டும் எடுத்தும் வைத்தும் பயிலும் கருவிகளை உருவாக்கினார். அவரைச் சான் லொரேன்சோவுக்கு அழைத்து வந்தவர் எதுவார்தோ தாலமோ என்னும் பொறியாளர். 

அவர் அழைத்த காரணம் நம்மைப் புன்னகைக்க வைக்கிறது. பாதியில் நின்றுபோய்ப் பாழடைந்து கிடந்த குடியிருப்புகளைத் தாலமோ தலைமை வகித்த நிறுவனம் வாங்கிச் செப்பனிட்டுக் கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. தாயும் தந்தையும் விடியலில் வேலைக்குப் போய்விடுவர். பள்ளி செல்லும் வயதை எட்டாத சின்னஞ்சிறுசுகள் நாள் முழுவதும் மாடிப்படிகளில் ஏறி இறங்கிச் சுவர்களில் கிறுக்கினார்கள். புதிதாகப் பூசிய சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். பிள்ளைகளை ஓர் அறையில் வைத்து ஒருவர் பார்த்துக்கொண்டால், சுவரைப் பழுதுபார்க்கும் செலவு மிச்சமாகும்; அந்த மிச்சத்திலேயே அறையையும் நடத்திவிடலாம். கணக்கு இவ்வளவுதான். குழந்தையைக் காப்பாற்ற எழுந்த பள்ளியன்று. சுவரைக் காப்பாற்ற எழுந்த பள்ளி! இன்று அப்பகுதிக்குச் செல்வோர் காண்பது யாதெனில், தெருத்தெருவாக, ஒரு சுவர் விடாமல், வண்ணப் பூச்சுகளால் வளர்ந்தவர்கள் கிறுக்கி வைத்திருக்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் அவ்வீட்டில் தனிச்சிறப்பு ஒன்றும் தோன்றவில்லை. குடும்பங்கள் வாழும் இடத்தில் அந்நியர் புகுந்து சுற்றுவது முறையன்று. ஆகவே வாசலோடு நின்றோம். 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, இவ்வாசல் வழியாக ஐம்பதுக்குக் குறையாத பிள்ளைகள் உள்ளே கொண்டுவரப்பட்டனர். அழுதும் மிரண்டும் ஒருவர் கையை ஒருவர் விடாமலும் அவர்கள் வந்தார்கள் என அம்மையாரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 'காசா தேய் பம்பீனி' என அவ்விடத்திற்குப் பெயரிட்டனர். குழந்தைகளின் வீடு என்பது பொருள். கட்டணம் கிடையாது. ஆனால் தாய்மார்க்குக் கடமைகள் உண்டு. பிள்ளையைக் குளிப்பாட்டித் தூய உடையில் அனுப்பவேண்டும். வாரம் ஒருமுறையேனும் ஆசிரியையோடு அமர்ந்து பேசவேண்டும். ஆசிரியையும் அதே கட்டடத்தில் குடியிருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. இவ்வேற்பாட்டை நம் பள்ளி நிருவாகிகள் ஊன்றிக் கவனித்தல் நலம்.

அங்கு நடந்தவற்றுள் மிகச் சிறியதொன்றை முதலில் சொல்வோம். ஒருநாள் அம்மையார் பிள்ளைகளுக்கு மூக்கைச் சிந்தக் கற்றுக்கொடுத்தார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, ஓசை எழாமல் எப்படித் துடைப்பது என்று ஒவ்வொன்றாக, நிதானமாகச் செய்து காட்டினார். வேடிக்கையாகத் தொடங்கிய பாடத்தைப் பிள்ளைகள் சிரிக்காமல், இமை கொட்டாமல் பார்த்தார்கள். முடிந்ததும் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். ஏன் இந்த மகிழ்ச்சி என்று வியந்த அம்மையார் பிறகு உணர்ந்துகொண்டார். மூக்கு ஒழுகுவதற்காக அப்பிள்ளைகள் நாளெல்லாம் ஏச்சு வாங்கியவர்கள். வேறு பிள்ளைகள் முன் சிறுமைப்பட்டவர்கள். ஆனால் எப்படிச் சிந்துவது என்பதை அவர்களை மதித்து அமைதியாகச் சொல்லிக்கொடுத்தவர் அதுவரை ஒருவருமில்லை. நம் இல்லங்களில் 'சட்டையை ஒழுங்காகப் போடு', 'சிந்தாமல் சாப்பிடு' என்ற அதட்டல்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒலிக்கின்றன! பொத்தானை எந்தப் பக்கத்திலிருந்து துளைக்குள் நுழைப்பது என்று மெல்லச் செய்துகாட்டுவது எத்தனை முறை?

இரண்டாவது நிகழ்ச்சியை நம்மால் எளிதில் மறக்க இயலவில்லை. தண்ணீர்த் தொட்டி ஒன்றில் மிதக்கும் பொம்மைகளைப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவன் பின்னால் தனித்து நின்றான். முட்டி மோதிப் பார்த்தான். உள்ளே நுழைய முடியவில்லை. சற்று நின்று சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு சிறு நாற்காலி கண்ணில் பட்டது. அதை இழுத்து வந்து மேலே ஏறி நின்றால் தெரியுமே! அந்த எண்ணம் பிறந்ததும் முகம் மலர அதை நோக்கி நடந்தான். அதற்குள் ஆசிரியை ஓடிவந்து, பாவம் பிள்ளைக்குத் தெரியவில்லையே என்று இரு கைகளாலும் தூக்கித் தொட்டியைக் காட்டினார். பொம்மைகள் தெரிந்தன. முகத்திலிருந்த ஒளி மட்டும் போய்விட்டது. தானே வென்று பெறவிருந்த ஒன்றை அன்பு மிகுந்த கைகள் பறித்துவிட்டன என்று அம்மையார் எழுதுகிறார்.

அந்த ஆசிரியை கெட்டவரல்லர். நம் வீட்டுப் பாட்டிமாரும் அத்தைமாரும் அவரைப் போன்றவர்களே. மூன்று வயதுப் பேரன் செருப்பை மாட்டக் குனிந்தால் பாட்டி ஓடி மாட்டிவிடுகிறார். சோற்றுக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு தெருமுனை வரை பிள்ளையைத் துரத்தி, காக்கையையும் நாயையும் காட்டி ஊட்டுகிறார். ஊட்டுவது அன்புதான், நிலாச்சோறு உண்டு வளர்ந்த நாம் அதைக் குறை கூற வரவில்லை. நான்கு வயது நிரம்பியபின்னும், தானே எடுத்து உண்ணத் துடிக்கும் கையைத் தட்டிவிட்டு ஊட்டுவதைத்தான் கூறுகிறோம். சான் லொரேன்சோவில் நான்கு வயதுப் பிள்ளைகள் கத்தியும் முள்கரண்டியும் எடுத்துவைத்தார்கள். ஐந்து தண்ணீர்க் குவளைகள் கொண்ட தட்டை ஏந்திச் சென்றார்கள். சூடான சூப்பு நிறைந்த பெரிய கலத்தைச் சுமந்து மேசை மேசையாகப் பரிமாறினார்கள். குவளைகள் கண்ணாடி, தட்டுகள் பீங்கான். கீழே போட்டால் உடையும் என்பது தெரிந்திருந்ததாலேயே அவர்கள் கவனமாக ஏந்தினார்கள். நம் தாய்மார் இதற்கு உடன்படமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். எவர்சில்வர் போதும். அது உடையாது என்றாலும், விழுந்தால் வீடே அதிர ஒலிக்கிறது. அவ்வொலியும் ஓர் ஆசிரியைதான்.

இனி, பகிர்ந்துகொள்ளும் பழக்கத்திற்கு வருவோம். ஒரே வீட்டில் இரு பிள்ளைகள் இருந்தால் நாள்தோறும் நடப்பது இது. ஐந்து வயது அண்ணன் மூன்று சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறான். தம்பி அதைப் பிடித்து இழுத்து அழுகிறான். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறார்: "அவன்கிட்டக் குடுடா, நீ பெரியவன் இல்லையா?" வண்டி பிடுங்கப்பட்டுத் தம்பியிடம் போகிறது. அழுகை நிற்கிறது, அம்மா தாளிப்புக்குத் திரும்புகிறார். பகிர்ந்துகொள்ளக் கற்றுக்கொடுத்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் இருவரும் கற்றது வேறு. அழுதால் கிடைக்கும் என்று தம்பி கற்றான். கையிலிருப்பது எந்நேரமும் பறிபோகும், ஆகவே இறுகப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று அண்ணன் கற்றான். நாளை அவன் வண்டியை ஒளித்துவைப்பான்.

குழந்தைகள் வீட்டின் முறை நேர்மாறானது. கருவிகள் ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்றுதான் அறையில் இருக்கும். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது வாங்கப் பணமில்லாமலன்று. ஒன்றிருப்பதே நல்லது என்று அம்மையார் கண்டதால். ஒரு பிள்ளை அதை எடுத்துத் தன் பாயை விரித்து வைத்துக்கொண்டால், அவனாகத் திரும்ப வைக்கும்வரை அது அவனுடையது. எவரும் பறிக்கக்கூடாது, ஆசிரியைக்கும் அவ்வுரிமை இல்லை. வேண்டுபவன் காத்திருக்கவேண்டும். முடித்தவன் அதை எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே வைக்கவேண்டும். அடுத்தவன் அங்கிருந்து எடுத்துக்கொள்வான். யாரும் யாரிடமும் 'கொடு' என்று கெஞ்சவில்லை. காத்திருத்தலும் திரும்ப வைத்தலும் சேர்ந்தே அங்குப் பகிர்வாயின. தன் முறை பறிபோகாது என்று அறிந்த பிள்ளையே பிறர் முறையை மதிக்கிறது.

ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள துளைகளில் உருளைகளைப் பொருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் செய்தார்கள்; அவள் நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த சிறு நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அங்கும் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் அதையே செய்தபின், உறங்கி விழித்தவள்போல் மகிழ்ச்சியோடு நிறுத்தினாள். நிறைவடைந்த பிள்ளை கையிலிருப்பதை எளிதாக விட்டுவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்து 'போதும், இனி அவனுக்கு' என்று முறை வைக்கும் பெற்றோர் இச்சிறுமியைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். ஒரே ஊஞ்சலுக்கு முப்பது பிள்ளைகள் நிற்கும் பள்ளித் திடலில் நேரக் கணக்கு வேண்டியதுதான். வீட்டில் இரு பிள்ளைகளுக்கு அது அவ்வளவு தேவையில்லை.

அந்நாளில் ஆசிரியையே கருவிகளை எடுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டுவது வழக்கம். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் வரவும் தாமதமாயிற்று. வந்து பார்த்தால் பிள்ளைகள் தாங்களே அலமாரியைத் திறந்து, வேண்டியதை எடுத்து, அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தோன்றிற்று. எதை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் அறிந்துவிட்டார்கள் என்றே அம்மையார் பொருள்கொண்டார். அன்றிலிருந்து பூட்டிய பெரிய அலமாரி போய், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் தாழ்ந்த அலமாரிகள் வந்தன.

இவற்றையெல்லாம் எழுதும்போது ஒரு செய்தியை மறைப்பது நேர்மையாகாது. ஊரார் பிள்ளைகளுக்கு வீடு அமைத்த இவ்வம்மையார் தம் சொந்த மகனைத் தம் வீட்டில் வைத்து வளர்க்க இயலாதவராயிருந்தார். மகன் மாரியோ 1898-இல் மணவாழ்வுக்குப் புறம்பே பிறந்தவர். அக்காலச் சமூகம் அத்தகைய தாயை மருத்துவராகவோ ஆசிரியராகவோ வாழவிட்டிராது. நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் மகன் வளர, தாய் அவ்வப்போது சென்று பார்த்துத் திரும்பினார். மார்சியர் தெருவில் இக்கதவு திறந்தபோது அம்மகனுக்கு எட்டு வயது. பதினைந்து வயதளவில்தான் அவர் தாயோடு வந்து சேர்ந்தார். பின்னர் இறுதிவரை பிரியாத உடனுழைப்பாளரானார். அம்மையாரைக் குறைகூறவோ, அவர் பட்டதை எளிதாக்கவோ நமக்கு மனம் வரவில்லை. 1990 முதல் யூரோ நாணயம் புழக்கத்திற்கு வந்த 2002 வரை இத்தாலி நாட்டின் ஆயிரம் லீராத் தாளில் அவருடைய முகமே அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பார்த்தபோதெல்லாம் அம்மகனின் நினைவு நமக்கு வந்ததுண்டு.

இத்தாயும் மகனும் நம் மண்ணுக்கும் வந்தவர்கள் என்பதை அறிந்தோர் குறைவு. 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தனர். ஏறத்தாழ முந்நூறு ஆசிரியர்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கூடினர்; ஓலைக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகைநாட்டினர் ஆயினர். மகனை அகமதுநகர்ச் சிறைமுகாமுக்குக் கொண்டுசென்றனர். தாய் அடையாற்று எல்லைக்குள் இருத்தப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31-இல் அவருக்கு எழுபது வயது நிறைந்தபோது, பிறந்தநாள் பரிசாக மகனை விடுவித்து அரசப் பிரதிநிதி அனுப்பிவைத்தார். 1942 முதல் 1944 வரை அவர்கள் கோடைக்கானலில் வாழ்ந்தனர். பல வயதுப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ்ப் பயிலும் பள்ளி ஒன்றை அங்கு நடத்தி, செடியும் பூச்சியும் கல்லுமாக அம்மலையையே பாடநூலாக்கினர். விடுமுறையில் கோடைக்குச் சென்று ஏரியைச் சுற்றி வரும் நம் குடும்பங்கள் இதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

அடையாற்றுக்கு வந்த அம்மையார் தமிழர் இல்லங்களைப் பார்த்திருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பார் என நாம் எண்ணுவதுண்டு. உரோமையில் அவர் தச்சரை வைத்துச் சிறிய மேசையும் நாற்காலியும் செய்விக்க வேண்டியிருந்தது. நமக்கோ தரையே மேசை, பாயே கட்டில். தண்ணீர்க் குடம் தரையில் இருந்தது. நான்கு வயதுப் பிள்ளை தானே குவளையில் முகந்து குடித்தது. பாயைச் சுருட்டி மூலையில் வைத்தது, இலை போட்டது, உப்பு வைத்தது. இன்று குடிநீர் சமையல் மேடையின்மேல் ஏறிவிட்டது. உணவு மேசை வந்தது. துணி உயரமான அலமாரிக்குள் போயிற்று. வசதிகள் வந்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ஒவ்வொரு வசதியும் பிள்ளையின் கைக்கெட்டாத உயரத்திலேயே வந்தமர்ந்தது. அதன்பின் 'தண்ணீர் வேண்டும்' என்று நாளுக்குப் பத்துமுறை கேட்கும் பிள்ளையை நாம் சோம்பேறி என்கிறோம்.

காலை எட்டு மணிக்குப் பள்ளி வண்டி வந்து ஒலியெழுப்பும்போது, பொத்தானைத் தானே போடுவேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்காகக் காத்திருக்க எந்தத் தாயாலும் இயலாது. அதை நாம் அறிவோம். அந்தக் காலைகளில் தாயே போட்டுவிடட்டும். விடுமுறை நாட்களும் மாலைப் பொழுதுகளும் இருக்கின்றன. பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்துப் பொத்தான் போட்டுப் பழகலாம். இரண்டு சொம்புகளும் கொஞ்சம் தண்ணீரும் துடைக்க ஒரு துணியும் தந்தால் முக்கால் மணி நேரம் பிள்ளை ஊற்றிக்கொண்டிருக்கும். சிந்தியதைத் துடைப்பதும் அவ்விளையாட்டின் பகுதியாகட்டும். பட்டாணி உரிக்கவும் கீரை ஆயவும் மூன்று வயதே போதும்.

நம் பங்கில் வீடு சந்திக்கச் சென்றபோது, நடைச் சுவரில் நம் இடுப்புக்கும் கீழான உயரத்தில் ஓர் ஆணி அடித்திருப்பதைக் கண்டோம். மூன்றரை வயதுச் சிறுவன் கைகழுவி வந்து, அதில் தொங்கிய சிறு துண்டை எடுத்துத் துடைத்து, திரும்பவும் அதிலேயே மாட்டினான். முதல்முறை நழுவியது, மறுபடி மாட்டினான். தாய் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, எட்டிப் பிடிக்கவில்லை. கூலி வேலைக்குச் செல்பவர். மாண்டிசோரி என்ற பெயரைக் கேள்விப்பட்டவரல்லர். யார் சொல்லி இந்த ஆணியை அடித்தீர்கள் என்று வினவினோம். "யாரும் சொல்லலை சாமி, அவன்தான் எட்டலை எட்டலைன்னு அழுதான்" என்றார். அதற்குள் ஒன்றரை வயதுத் தங்கை தவழ்ந்து வந்து அண்ணனின் துண்டைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு இன்னும் கீழே ஓர் ஆணி அடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே அத்தாய் நமக்கு மோர் கொண்டுவர உள்ளே போனார்.